எக்சர்சைஸ் பண்ண மூடே வரலையா? விட்டுப்போகாம தொடர எந்த வரிசைல ஆரம்பிக்கணும், முழுமையான வழிகாட்டி

தினமும் எக்சர்சைஸ் பண்ணனும்னு ஆசை இருக்கு, நாலு நாள் பண்றேன், அஞ்சாவது நாள் விட்டுடுறேன், மோட்டிவேஷனே வரமாட்டேங்குதுன்னு சொல்றவங்களுக்காக இதை எழுதுறேன். எங்க ஏரியால காலைல சேர்ந்து நடக்கிற ஒரு சின்ன குரூப் இருக்கு, புதுசா வர்றவங்களை கூட நடந்து பழக்கிவிடுறது ரொம்ப நாளா நான் பாத்துக்கிற வேலை. வர்ற எல்லாருக்கும் ஆசை நிறையவே இருக்கு, ஆனாலும் நிறைய பேர் மூணாவது வாரம் காணாம போயிடுறாங்க. அது சோம்பேறித்தனம்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும். கடைசில பண்ணவேண்டியதை முதல்ல பண்ணிடுறாங்க, அதான் விஷயம்.

மோட்டிவேஷன் வந்ததும் ஆரம்பிக்கலாம்னு உக்காந்திருந்தா அது வராது. ரெண்டு மூணு வாரம் போய் வந்த பிறகு, நல்லா தூக்கம் வருது, மாடி ஏறினா மூச்சு வாங்கலன்னு உடம்பே சொல்லும்போதுதான் அது வரும். அதுவரைக்கும் உள்ள நாட்களை எப்படி கடக்கறதுங்கறதுதான் கீழ இருக்கிற அத்தனை ஸ்டெப்பும்.

உதாரணத்துக்கு நடைபயிற்சியை எடுத்துக்கிறேன், செலவு கம்மி, யார் வேணா பண்ணலாம். ஜிம், யோகா, சைக்கிள், ஷட்டில் எதுவா இருந்தாலும் வரிசை இதேதான்.

1. முதல்ல டாக்டர், அப்புறம்தான் மத்ததெல்லாம்

நாப்பது வயசு தாண்டியிருந்தாலோ, சுகர், பிரஷர், இதயப் பிரச்சனை, மூட்டு வலி எதாவது இருந்தாலோ, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பயமுறுத்தறதுக்காக சொல்லல. உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சுன்னா, லேசா நெஞ்சு படபடன்னாகூட அதையே சாக்கா வெச்சு மனசு வீட்டுக்கு திரும்பிடும்.

சுகருக்கு இன்சுலின் போடுறவங்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களும் நடக்கும்போது சுகர் திடீர்னு இறங்க வாய்ப்பு இருக்கு, எப்போ சாப்ட்டு எப்போ நடக்கணும்னு கேட்டு வெச்சுக்கோங்க, பாக்கெட்ல ரெண்டு மிட்டாயோ குளுக்கோஸோ கண்டிப்பா இருக்கணும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், தலைசுத்தல், இடது கைக்கோ தாடைக்கோ பரவுற வலி வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, அது "பழகினா சரியாயிடும்" ரகம் இல்ல.

2. என்ன வாங்கணும், என்ன வாங்கக் கூடாது

வேண்டியது ஒரே ஒரு பொருள், கால்ல கடிக்காத ஷூ. வீட்டுல ஏற்கனவே இருக்கிறது சரியா இருந்தா அதுவே போதும். புதுசா வாங்கறதா இருந்தா சாயங்காலமா போய், நடக்கும்போது போடுற சாக்ஸோட போட்டுப் பாருங்க, ஏன்னா நாள் முழுக்க நடந்ததுல சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலைல சரியா இருந்த ஷூ அப்போ இறுக்கும். ரப்பர் செருப்போட நடக்காதீங்க, குதிகால் வலி வந்து ரெண்டாவது வாரமே நின்னுடுவீங்க.

வாங்கக் கூடாதது ஸ்மார்ட் வாட்ச், டிரெட்மில், ஜிம்ல ஒரு வருஷ பேக்கேஜ். முக்கியமா அந்த வருஷ பேக்கேஜ். ஜனவரி ஆஃபர்ல மொத்தமா பணம் கட்டினா அந்த பணத்துக்காகவாவது போவோம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நடக்கிறது என்னன்னா, பணம் கட்டினதுமே பாதி வேலை முடிஞ்ச மாதிரி ஒரு திருப்தி வந்துடுது, நாலு நாள் போகலன்னா "பணம் வேஸ்ட்"ங்கற குற்ற உணர்ச்சி சேர்ந்து அந்த பக்கம் தலைவைக்கவே பிடிக்காம போயிடுது. ஜிம்முக்கே போகணும்னா மாசாமாசம் கட்டுங்க, கொஞ்சம் கூடுதலா ஆனாலும் பரவால்ல. டிரெட்மில் எத்தனை வீட்டுல துணி காயப்போடுற ஸ்டாண்டா இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

3. நேரத்தையும் இடத்தையும் ஒரே வாக்கியத்துல எழுதுங்க

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான ஸ்டெப், இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. "நாளைலருந்து டெய்லி நடக்கணும்"னு முடிவெடுத்தா அது முடிவே இல்ல, ஏன்னா நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்த தெருன்னு காலைல படுக்கைல இருந்தே திரும்ப யோசிக்கணும், அந்த நேரத்துல யோசிச்சா யாருக்கும் போகத் தோணாது.

2002-ல பிரிட்டன்ல காலேஜ் மாணவர்களை மூணு குரூப்பா பிரிச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. வாரத்துல ஒரு தடவையாவது நல்லா எக்சர்சைஸ் பண்றாங்களான்னு பாத்தாங்க. எதுவும் விசேஷமா சொல்லாத குரூப்ல 38 சதவீதம் பேர் பண்ணாங்க. எக்சர்சைஸ் பண்ணா இதய நோய் எப்படி குறையும்னு படிக்கக் கொடுத்து மோட்டிவேட் பண்ண குரூப்ல 35 சதவீதம். அதையே படிச்சிட்டு, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம்னு எழுதியும் கொடுத்தவங்கள்ல 91 சதவீதம் பேர் பண்ணிட்டாங்க. மோட்டிவேஷன் வீடியோ பாத்துக்கிட்டே இருக்கிறவங்க இந்த மூணு நம்பரையும் ஒரு தடவை நிதானமா பாக்கணும்னு ஆசைப்படுறேன்.

எழுதும்போது, ஏற்கனவே தினமும் தவறாம நடக்கிற ஒரு வேலைக்குப் பின்னாடி மாட்டிவிடுங்க. "பால் பாக்கெட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சதும் ஷூ போட்டு பிள்ளையார் கோயில் வரைக்கும் போய் திரும்புவேன்." "பசங்களை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டதும் வீட்டுக்குள்ள போகாம அப்படியே பார்க்குக்கு போவேன்." மணியை மட்டும் நம்பினா ஒருநாள் லேட்டா எழுந்ததும் எல்லாம் போச்சு, வேலைக்குப் பின்னாடி மாட்டினா கொஞ்சம் தள்ளிப்போனாலும் நடந்துடும்.

காலைலதான் பண்ணனும்னு சட்டம் எதுவும் இல்ல. வீட்டுல சமையல் பாத்துக்கிற பெண்களுக்கு காலை அஞ்சரைலருந்து எட்டரை வரைக்கும் மூச்சுவிட நேரம் கிடையாது, அவங்ககிட்ட போய் அஞ்சு மணிக்கு எழுந்து நடங்கன்னு சொல்றது அநியாயம், இருக்கிற தூக்கத்தையும் பறிக்கிற வேலை. வேன் போன பிறகோ, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடிலயோ நடக்கலாம். மாடி சின்னதா இருந்தா எட்டு போட்டு நடங்க, திரும்பித் திரும்பி வர்றதுல தலை சுத்தாது. நைட் ஷிஃப்ட் பாக்கிற ஐடி பசங்க விடிகாலைல வீட்டுக்கு வந்ததும் நடக்கப் பாக்காதீங்க, தூங்கி எழுந்து காபி குடிச்சதும்னு வெச்சுக்கோங்க.

இடம் பக்கத்துல இருக்கணும். மெரினால நடந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு வேளச்சேரிலருந்து வண்டி எடுத்துட்டு போறவங்க ஒரு வாரம் போவாங்க. கோயம்புத்தூர்ல ரேஸ்கோர்ஸ் பக்கத்துலயே வீடுன்னா உங்களுக்கு யோகம், இல்லன்னா உங்க தெருவே போதும். 2023-ல ஆரம்பிச்ச "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கு, அதை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கோங்க. ஆரம்பிக்கறதுக்கு முதல் நாள் அதே நேரத்துல அந்த ரூட்ல ஒரு தடவை போய் பாத்துடுங்க, நாய் எங்க கூட்டமா நிக்குது, எந்த இடத்துல லைட் இல்ல, எங்க பள்ளம்னு தெரிஞ்சுடும். நாய் துரத்தின ஒரே காரணத்துக்காக மொத்தமா விட்டவங்க இருக்காங்க.

4. அளவை வெக்கப்படுற அளவுக்கு சின்னதா வைங்க

முதல் ரெண்டு வாரத்துக்கு பத்து நிமிஷம், வாரத்துல அஞ்சு நாள். அவ்ளோதான். "பத்து நிமிஷத்துல என்ன ஆகிடப் போகுது"ன்னு புதுசா வர்ற எல்லாரும் கேக்கறாங்க. உடம்புக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, ஒத்துக்கிறேன். ஆனா இந்த ரெண்டு வாரம் நீங்க பழக்குறது உடம்பை இல்ல, அந்த நேரத்துக்கு வெளிய கிளம்பறதை.

முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, யூடியூப் பாத்து அம்பது ஸ்குவாட் போட்டுட்டு வர்றவங்களுக்கு என்ன ஆகும்னா, புதுசா வேலை செஞ்ச தசைல வலி அன்னிக்கே வராது, அடுத்த நாள்தான் ஆரம்பிக்கும், 24 மணிலருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு போகும். மாடிப்படி இறங்க முடியாது, டாய்லெட்ல உக்காந்து எழ முடியாது. அந்த ரெண்டு நாள் லீவு நாலு நாளாகும், நாலு ஒரு வாரமாகும், முடிஞ்சது கதை.

இன்னொண்ணு, மோசமான நாளுக்குன்னு இதைவிட சின்ன அளவு ஒண்ணு கையில இருக்கணும். தலைவலி, ஆபீஸ்ல திட்டு, வீட்டுல விருந்தாளி, எதுவா இருந்தாலும் ஷூ போட்டு தெருமுனை வரைக்கும் போய் திரும்பிட்டா அன்னிக்கு கணக்கு முடிஞ்சது. வெளிய வந்த பிறகு பலநாள் நீங்களே கூடக் கொஞ்சம் நடப்பீங்க. நடக்கலன்னாலும் சரி, ஏமாத்தினதா நினைக்காதீங்க, அதுதான் விதி.

5. ராத்திரியே பாதி வேலையை முடிங்க

காலைல எழுந்த முதல் அஞ்சு நிமிஷத்துல முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. டீ-ஷர்ட், டிராக் பேன்ட், சாக்ஸ், வீட்டுச் சாவி எல்லாம் ஒரே இடத்துல, கதவு பக்கத்துல ஷூ. போனை படுக்கைலருந்து எழுந்து நடந்து போய் எடுக்கிற தூரத்துல சார்ஜ் போடுங்க. கைக்கு எட்டுற இடத்துல இருந்தா அலாரத்தை அணைச்சிட்டு ரீல்ஸ் பாக்க ஆரம்பிச்சு அரை மணி நேரம் போயிடும், இது வயசு வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் நடக்குது.

காலைல நடக்கிறவங்களுக்கு உண்மைல இந்த ஸ்டெப் ஆரம்பிக்கிறது முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு. பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சிட்டு அஞ்சு மணிக்கு எழுந்தா ஒரு வாரம் தாக்குப்பிடிக்கலாம், அதுக்கு மேல உடம்பு விடாது. ராத்திரியை மாத்த முடியலன்னா நேரத்தை சாயங்காலத்துக்கு மாத்துங்க, தூக்கத்துல கை வைக்காதீங்க.

6. நடைக்குள்ள உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணை பூட்டி வைங்க

பிடிச்ச பாட்டு லிஸ்ட், ஒரு கதை பாட்காஸ்ட், எதாவது ஒண்ணை நடக்கும்போது மட்டும்தான் கேப்பேன்னு வெச்சுக்கோங்க. அடுத்த பாகத்துல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கவாவது கால் வெளிய போகும். அமெரிக்கால பென்சில்வேனியா யுனிவர்சிட்டி ஆளுங்க இதை ஜிம்ல சோதிச்சுப் பாத்தாங்க, விறுவிறுப்பான கதை ஆடியோவை ஜிம்ல மட்டும்தான் கேக்க முடியும்னு வெச்சதும் வருகை ஆரம்பத்துல நல்லாவே கூடுச்சு, ஆனா நடுவுல ஒரு விடுமுறை வந்ததும் அந்த பலன் கரைஞ்சு போச்சு. அதனால இதை மட்டுமே நம்பாதீங்க, ஆரம்ப வாரங்களுக்கு ஒரு தள்ளு கொடுக்கும், அவ்ளோதான். ரோட்டுல நடக்கிறவங்க ஒரு காதுல மட்டும் மாட்டுங்க, ஹார்ன் சத்தம் கேக்கணும்.

நடந்து முடிச்சு டீக்கடைல நாலு பேரோட நின்னு குடிக்கிற டீயையும் முதல் மாசம் நிறுத்தாதீங்க. சக்கரை ஆச்சேன்னு ரொம்ப கண்டிப்பா இருக்கிறவங்க அருகம்புல் ஜூஸுக்கு மாறச் சொல்வாங்க, மாறினா நல்லதுதான், சுகர் இருக்கிறவங்க சக்கரை இல்லாம சொல்லிடுங்க. ஆனா பல பேரை அடுத்த நாளும் கூட்டிட்டு வர்றது அந்த டீயும் அங்க நடக்கிற பேச்சும்தான்னு கண்கூடா பாக்கிறேன்.

7. துணைக்கு ஆள் வேணுமா?

வேணும், ஆனா எப்படிப்பட்ட ஆள்னு பாக்கணும். உங்களைவிட ரொம்ப வேகமா நடக்கிறவரோட சேராதீங்க, மூச்சு வாங்கி ஓடவேண்டியிருக்கும், மூணாவது நாள் சாக்கு தேடுவீங்க. ஏற்கனவே தவறாம போயிட்டு இருக்கிற, நிதானமா நடக்கிற ஒருத்தரா பாத்து ஒட்டிக்கோங்க. தெருமுனைல அஞ்சே முக்காலுக்கு அந்த அக்கா நிப்பாங்கன்னு தெரிஞ்சா நாம படுத்திருக்க மாட்டோம்.

புதுசா ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சா ஒரு ஆபத்து இருக்கு. ஒருத்தர் வரலன்னா இன்னொருத்தரும் நின்னுடுவாங்க. அதனால முதல் நாளே பேசிக்கோங்க, அஞ்சு நிமிஷம் காத்திருப்பேன், வரலன்னா நான் கிளம்பிடுவேன், கோச்சுக்கக் கூடாதுன்னு.

8. காலண்டர்ல ஒரு கோடு, எடை மெஷினுக்கு லீவு

சமையல்கட்டுல தொங்குற மாத காலண்டர்ல போன நாளுக்கெல்லாம் ஒரு டிக் போடுங்க. போன்ல இருக்கிற ஆப்பை விட இது நல்லா வேலை செய்யுது, வீட்டுல எல்லாரும் பாப்பாங்க, "இன்னிக்கு டிக் போடலையாம்மா"ன்னு பிள்ளைங்களே கேக்கும்.

எடையை முதல் ரெண்டு மாசம் பாக்காதீங்க, இதை நான் கெஞ்சியே கேக்கறேன். அறுபத்தஞ்சு எழுபது கிலோ உள்ள ஒருத்தர் அரை மணி நேரம் நடந்தா செலவாகிறது சுமார் 110-லருந்து 150 கலோரி, அதாவது ஏறக்குறைய ஒரு மெதுவடை. சாப்பாட்டை மாத்தாம நடந்தா மட்டும் முள் வேகமா இறங்காது. அதைப் பாத்து "ஒரு மாசம் நடந்தும் அரை கிலோகூட குறையல"ன்னு நொந்து விட்டவங்கதான் எனக்குத் தெரிஞ்சு அதிகம். எடைக்குப் பதிலா சீக்கிரம் தெரியிற விஷயங்களைப் பாருங்க: தூக்கம் எப்படி இருக்கு, மூணாவது மாடி ஏறினா எவ்ளோ மூச்சு வாங்குது, மதியம் ஆபீஸ்ல தூங்கி விழறீங்களா, சுகர் இருக்கிறவங்களுக்கு சாப்ட்ட பின்னாடி ரீடிங் என்ன சொல்லுது. இதெல்லாம் சில வாரத்துலயே மாற ஆரம்பிக்கும்.

9. எப்போ, எவ்ளோ கூட்டறது

ரெண்டு வாரம் பத்து நிமிஷம் சரியா போச்சுன்னா மூணாவது வாரம் பதினஞ்சு, நாலாவது வாரம் இருபது, அஞ்சாவது வாரம் இருபத்தஞ்சு, ஆறாவது வாரம் முப்பது. ஒரு வாரத்துல மூணு நாளுக்கு மேல விட்டுப்போச்சுன்னா அடுத்த வாரம் கூட்டாம அதே அளவுல இருங்க.

முப்பது நிமிஷம், வாரத்துக்கு அஞ்சு நாள்னா 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவும் அதுதான், 150-லருந்து 300 நிமிஷம். வேகம் சரியான்னு பாக்க மெஷின் வேண்டாம். நடந்துக்கிட்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா இன்னும் கொஞ்சம் வேகமா போங்க, பேசவே திணறினா குறைங்க.

நேரத்தை கூட்டுற வாரத்துல வேகத்தை கூட்டாதீங்க. ரெண்டையும் சேர்த்துக் கூட்டினா முழங்கால்லயும் கெண்டைக்கால் முன்னெலும்புலயும் வலி வரும், எதனால வந்துச்சுன்னும் தெரியாது.

அதே வழிகாட்டுதல்ல வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கவும் சொல்றாங்க, நடக்கிறவங்க இதை விட்டுடுறாங்க. அரை மணி நடை பழகின பிறகு சேருங்க: நாற்காலில உக்காந்து கை ஊன்றாம எழறது, சுவத்துல கை வெச்சு புஷ்-அப், நின்ன இடத்துல குதிகால் தூக்கறது, முழங்கால் நல்லா இருந்தா தோப்புக்கரணம். ஒவ்வொண்ணும் எட்டு பத்து தடவை, ரெண்டு சுத்து. நடந்துட்டு வந்த சூட்டோட, ஷூ கழட்டறதுக்கு முன்னாடி பண்ணிடுங்க, குளிச்சிட்டு பண்ணலாம்னு வெச்சா நடக்காது.

10. மழை, வெயில், விசேஷம்

இது வரும்னு தெரிஞ்ச தடங்கல். அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, மே மாசம் கத்திரி வெயில், நடுவுல தீபாவளி, பொங்கல், கல்யாணம், ஊர் பயணம். அந்தந்த நாள் வந்தப்புறம் யோசிக்காம இப்பவே மாத்து எழுதி வைங்க. மழைன்னா ஹாலுக்குள்ள பத்து நிமிஷம் நின்ன இடத்துல நடை, கூட நாற்காலில உக்காந்து எழறது. அபார்ட்மென்ட்னா கார் பார்க்கிங்ல நடக்கலாம். கத்திரி நாள்ல ஆறு மணிக்கெல்லாம் நல்லா வெளிச்சம் வந்துடும், ஏழுக்குள்ள முடிச்சிட்டு தண்ணி குடிங்க. ஊருக்குப் போனா பெட்டில முதல்ல ஷூவை வைங்க, எடம் இருந்தா வெக்கலாம்னா எடம் இருக்காது.

11. ஒருநாள் விட்டா, ஒரு மாசம் விட்டா

ஒருநாள் விட்டுப்போறது பிரச்சனையே இல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சு 2010-ல வந்த ஆய்வுல, ஒரு பழக்கம் தானா நடக்கிற நிலைக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு, ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்லருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு வந்துச்சு. நடுவுல ஒருநாள் தவறினதால பழக்கம் கெட்டுப்போகலன்னும் அதுலயே பாத்தாங்க. அதனால 21 நாள்ல பழக்கமாகிடும்னு யாராவது சொன்னதை நம்பி இருபத்திரண்டாவது நாள் கஷ்டமா இருந்தா உங்ககிட்ட குறைன்னு நினைக்காதீங்க.

அடுத்தடுத்து ரெண்டாவது நாள் விடாம மட்டும் பாத்துக்கோங்க. விட்ட நாளுக்கு ஈடா மறுநாள் டபுளா நடக்காதீங்க, வழக்கமான அளவு போதும், ஈடு கட்டப்போய் கால் வலிச்சு மூணாவது நாளும் போகாது.

ஒரு மாசமே விட்டுப்போச்சுன்னா, விட்ட இடத்துலருந்து ஆரம்பிக்காம பாதி நேரத்துல ஆரம்பிச்சு ஒரு வாரம் போங்க, அப்புறம் ஸ்டெப் 9-ல சொன்ன மாதிரி வாரம் அஞ்சு நிமிஷமா கூட்டுங்க. எழுதின வாக்கியத்தையும் எடுத்துப் பாருங்க, வீடு மாறியிருக்கலாம், ஷிஃப்ட் மாறியிருக்கலாம், பிள்ளையோட ஸ்கூல் நேரம் மாறியிருக்கலாம், அப்படின்னா பழைய நேரத்தோட மல்லுக்கட்டாம புது வாக்கியம் எழுதுங்க. டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சல் வந்து எழுந்தவங்க டாக்டர் சரின்னு சொன்ன பிறகு, வீட்டுக்குள்ள நடமாடி மாடி ஏறி இறங்கினா களைப்பு வராத நிலை வரும் வரைக்கும் பொறுத்து, திரும்ப அந்த பத்து நிமிஷத்துலருந்தே ஆரம்பிங்க.